என் மனைவி கத்தியதற்கு மன்னிப்பு

மேல் டிவிஷன் லைன்,
மஞ்சூர் வழி, நீலகிரி.
கார்த்திகை மாதம், மழை விட்டிருக்கும் ஒரு காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, மேட்டுப்பாளையம் மளிகை வணிகர் திரு. அழகர்சாமி அவர்களின் சமூகத்திற்கு, பெண்ணைப் பெற்ற முத்துராஜ் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மகள் மாலதியும் நலம். என் மனைவி ராஜகுமாரிக்குக் கையில் மாவுக்கட்டும் முதுகில் தையலும் இருக்கின்றன, மற்றபடி அவளும் நலம். அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியார் பேச்சியம்மா அவர்களும், தொலைக்காட்சியில் ‘இரும்பு நெஞ்சன்’ பட்டம் பெற்ற மாப்பிள்ளை வசந்தகுமாரும், பட்டத்தோடு வந்த மோட்டார் சைக்கிளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க எல்லா தெய்வங்களையும் வேண்டுகிறேன்.

நான் எத்தனை தடவை அழைத்தும் தாங்கள் போனை எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டீர்கள் என்று தரகர் மயில்சாமி நேற்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். வந்தவர் டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணத் தரகர் ஒருவர் டீ வேண்டாம் என்றால் காரியம் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பது பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். “ஏனுங்க முத்துராஜ், அவிய ரொம்ப மனசொடஞ்சு போயிட்டாங்க. ஊரே பாக்கற நிகழ்ச்சியில பையனப் பாத்து மாமியா அப்படிக் கத்துனா சொந்தபந்தம் என்னன்னு பேசும்? எழுத்து மூலமா ஒரு மன்னிப்பு வேணுமாம். நாலு பேருக்குக் காட்டற மாதிரி இருக்கோணும்னு சொல்றாங்க. அது வந்துச்சுன்னா தை மாசம் கல்யாணம், இல்லீன்னா நிச்சயத் தட்டத் திருப்பி அனுப்பிச்சரச் சொல்லிட்டாங்க” என்றார். மாலதிக்கு முன்பு வந்த வரன்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததில்லை. பாதிப் பேர் மஞ்சூர் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துக் கீழே இறங்கியவர்கள், மீதிப் பேர் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டைப் பார்த்ததும் வயிறு சரியில்லை என்று காப்பி குடிக்காமல் போனவர்கள். வீட்டையும் பார்த்து, பெண்ணையும் பார்த்து, சரி என்று சொன்ன ஒரே குடும்பம் தங்கள் குடும்பம். அதனால் மன்னிப்பு கேட்பதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, கேட்டுவிடுகிறேன். ஆனால் அந்த நாலு பேர் இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, அந்த அம்மா எதற்குத்தான் கத்தினார் என்று தங்களைக் கேட்டால் தாங்கள் பதில் தெரியாமல் நிற்கக் கூடாது அல்லவா. அதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

‘அலறினால் அவுட்’ நிகழ்ச்சியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாலு பேருக்காகச் சொல்கிறேன். ஓர் ஆளைப் பேய் வீட்டில் தனியாக உட்கார வைப்பார்கள். என்ன சத்தம் கேட்டாலும் அவர் கத்தக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. மூன்றில் எதைச் செய்தாலும் அவுட். இதற்கு ஏற்ற பேய் வீடு தேடிக் கீர்த்திவாசன் என்கிற நிகழ்ச்சி மேனேஜர் சென்னையிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார். ஆள் குறைந்துபோய் எங்கள் லைனில் பாதி வீடு காலியாகத்தான் கிடக்கிறது, ஓடு சரிந்து, உள்ளே பெரணி முளைத்து. அதையெல்லாம் தாண்டி வந்தவர் நேராக எங்கள் வீட்டு முன்னால் நின்றார். “ஆர்ட் டைரக்டரே வேண்டாம், அப்படியே ரெடியா இருக்கு” என்றார். வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜகுமாரியைப் பார்த்து, “இங்க யாராவது செத்துப் போயிருக்காங்களா?” என்று கேட்டார். “இன்னும் இல்லீங்க” என்றாள் அவள். எங்கள் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் இருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதை அடைத்துக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டுக் கேட்டு என் வேலைக்காலமே முடிந்துவிட்டது. தயவுசெய்து அந்த விரிசலை மட்டும் அடைத்துவிடாதீர்கள் என்று அதே ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னது அந்த வாரம்தான். கடைசியில் நாங்கள் உயிரோடு குடியிருப்பது இடைஞ்சல் என்று பக்கத்துக் காலி வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இருட்டு போதவில்லை என்று லைன் பாதையில் எரிந்துகொண்டிருந்த ஒற்றை பல்பையும் கழற்றிவிட்டார்கள்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. சமவெளியில் இருப்பவர்களுக்கு அது விநோதமாகப் படலாம். யாராவது கத்தினால் எல்லோரும் ஓட வேண்டும். எதற்குக் கத்தினார்கள், யார் கத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கரடியாக இருக்கும், காட்டெருமையாக இருக்கும், சிறுத்தையாகக்கூட இருக்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு தகர டப்பாவும் தடியும் இருக்கும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து சத்தம் வந்தாலும் சோற்றுக் கையோடு ஓடுவோம், விரட்டிவிட்டு மறுபடியும் பேசாமல் திரும்பி வருவோம். இதை டி.வி.காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. முதல் நாள் சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் கோயமுத்தூர்ப் பெண் ஒன்று அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அலறியதா, மொத்த லைனும் தகரத்தைத் தட்டிக்கொண்டு போய் இறங்கிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெள்ளைத் துணியும் விரித்த தலையுமாக ஒரு பேய் ஓடி வந்தது. டீக்கடை எல்லப்பன் விறகுக்கட்டையால் அதன் முழங்காலில் ஒன்று வைத்தார். பேய் கீழே உட்கார்ந்து, “அண்ணே, அண்ணே, நான் ஆர்ட்டிஸ்டுங்கண்ணே, தினச் சம்பளங்கண்ணே” என்று அழுதது. தினச் சம்பளம் என்று கேட்டதும் எங்களுக்கே பாவமாகப் போய்விட்டது. அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டு, டீ கொடுத்து, ஜீப்பில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பேர் போடும் இடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து ஆபீஸ் கிளார்க்கும் கீர்த்திவாசனும் பேசினார்கள். “ஆறு மணிக்கு மேல என்ன சத்தம் கேட்டாலும் யாரும் வெளிய வரக்கூடாது. கொலையே நடந்தாலும் வரக்கூடாது, புரியுதா?” என்றார் கீர்த்திவாசன். புரிந்தது. ஆனால் காலுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் சத்தம் வந்தபோது எல்லப்பன் கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், உட்கார்ந்துகொண்டோம். அதற்கடுத்த நாள் பாதிப் பேர்தான் எழுந்தார்கள். ஒரு வாரத்தில் யாரும் எழவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே கேட்கப் பழகிவிட்டோம். போகப்போக மார்க் போட ஆரம்பித்தோம். இது அடிவயிற்றுக் கத்தல், இது தொண்டைக் கத்தல், இந்தப் பையன் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவான் என்று. தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு பழக்கம் எங்களை விட்டுப் போக ஒரு வாரம்தான் ஆயிற்று சம்பந்தி. அதுவும் யாரும் எங்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எதிர் லைன் சின்னம்மை மட்டும் பழகவில்லை. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவள், இன்னும் லைனை லயம் என்றுதான் சொல்வாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஒவ்வொரு அலறலுக்கும் தகரத்தோடு போய் அந்தக் கதவைத் தட்டினாள். ஷூட்டிங் நின்று நின்று போயிற்று. கீர்த்திவாசன் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் எதிர் வீட்டுக்காரர்தானே, சொல்லி வையுங்கள் என்றார். நானும் பெரிய மனுசனாகப் போய், “சின்னம்மை, அது பொய்க் கத்தல். போகாத” என்றேன். “பொய்யா இருந்தா திரும்பி வந்திடுறன். அதுல எனக்கு என்ன தேஞ்சா போயிடும்?” என்றாள். அவள் தகரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பித்தளைக் குடமும் கரண்டியுமாகப் போனாள். வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லி நான் சிரித்தேன். ராஜகுமாரி சிரிக்கவில்லை.

இனி, சம்பந்தியம்மா எங்கள் அடுப்பில் பார்த்த ரத்தத்தைப் பற்றி. அது அபசகுனம், அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும் என்று பேச்சியம்மா அவர்கள் இப்போது சொல்வதாக மயில்சாமி சொன்னார். சென்னையிலிருந்து கொண்டுவந்த ரத்தம் நடிக்க வந்தவர்களுக்கு அரிப்பு கொடுத்துவிட்டது. அதனால் வீட்டுப் பக்குவத்தில் ரத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். ராஜகுமாரி வெல்லப் பாகு காய்ச்சி, பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து ஊற்றிக் கொடுத்தாள். பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருந்தது, வாசம் மட்டும் அதிரசம் சுடுகிற வாசம். தேதி குறிக்கத் தாங்கள் குடும்பத்தோடு வந்த அன்றும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, “என்னங்க, பாயசமுங்களா?” என்று ஆசையாகக் கேட்க, “இல்லீங்க, ரத்தமுங்க” என்று இவள் சொல்லிவிட்டாள். சூடான வேலையில் இருந்த மனுசி, சுற்றி வளைத்துச் சொல்ல நேரமில்லை. பிறகு விளக்கம் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அப்போதுதான், “இதுக்கு ஆள் எடுக்கறாங்களா மாமா?” என்று கேட்டார். தாங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நம்ம பையன் எதுக்கும் அசைய மாட்டானுங்க” என்று சொன்னீர்கள். தங்கள் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எவ்வளவு சத்தியமான வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது. நானே அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கீர்த்திவாசன் முன்னால் நிறுத்தினேன். வருங்கால மாப்பிள்ளைக்கு ஒரு உபகாரம் செய்தோம் என்று அன்று இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையின் முறை வந்த அன்று சாயங்காலம் பனி அப்படி அடைத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம். டி.வி.காரர்கள் கீழே பேக்டரி ஷெட்டில் திரைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள், பின்கதவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில், தனியாக. மாலதி மஞ்சூரில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில். நான் எல்லப்பன் கடையில். ராஜகுமாரி மறுநாளைக்கு வேண்டிய ரத்தத்தைக் காய்ச்சி இறக்கி, ஆறியதும் பானையோடு வீட்டுக்குப் பின்னால் வந்திருக்கிறாள். அத்தனை நாளும் அந்த வீட்டுக் கதவு, சுவர், படி என்று பூசி வைத்த வெல்லப் பாகுக்குக் கரடி வரும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கோயில் விளக்கு எண்ணெய்க்கே பூட்டை உடைக்கிற கரடி இது. படியை நக்கிக்கொண்டு இருந்தது. இவள் பனியில் அதன் மேலேயே போய் முட்டிவிட்டாள். பானை கவிழ்ந்து, மேலெல்லாம் பாகு. ஒரு அறை முதுகில் விழுந்தது, கீழே விழுந்ததில் ஒரு கை ஒடிந்தது. எங்கள் பின்கதவுக்கும் அவளுக்கும் நடுவில் கரடி நின்றது. கைக்கு எட்டின கதவு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த வீட்டுக் கதவுதான். அதைத் தட்டினாள். “மாப்ள, கதவத் தொறங்க, கரடிங்க, மாப்ள” என்று கத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒற்றைத் தாழ்ப்பாள், கொண்டி கூடக் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டித் தள்ளியிருக்கலாமா என்று பிற்பாடு நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். எட்டுகிறது. ஆனால் தள்ளினால் அவுட்.

கீழே ஷெட்டில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்களாம். இந்தக் கதவு தட்டுகிற சீனை யார் போட்டது, பிரமாதம் என்று கீர்த்திவாசன் கேட்க, ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டினார்களாம். இதை அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனுசர்தான்.

எல்லப்பன் கடையில் எங்களுக்கும் சத்தம் கேட்டது. பனியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, வார்த்தையும் பிடிபடாது. “இன்னைக்குப் பேயா வந்திருக்கறவிய நல்லாக் கத்தறாங்க” என்றார் எல்லப்பன். “பரவால்லீங்க. ஆனா மொத நாள் வந்த கோயமுத்தூர்ப் பொண்ணு அளவுக்கு இல்லீங்க” என்றேன் நான். கையில் டீ இருந்தது, அதைக் குடித்து முடித்தேன். இதை எதற்குத் தங்களுக்கு எழுதுகிறேன் என்றால், மாப்பிள்ளை மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது என்று தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பழகி இரண்டு மாதம்கூட ஆகாத மாமியார் குரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய பொம்பளை குரலுக்கு மார்க் குறைத்துப் போட்டேன். இப்படிப்பட்டவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தங்கள் பிள்ளையைக் கேட்பது?

சின்னம்மைதான் போனாள். வழக்கம்போலக் குடத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் போனாளாம். அவள் தட்டிய தட்டில் கரடி செடிக்குள் இறங்கிப் போயிற்று. பிறகு தனியாகத் தூக்க முடியாமல் உதவிக்குக் கத்தியிருக்கிறாள். அதற்கும் யாரும் வரவில்லை, சின்னம்மை கத்துவது தினமும் உள்ளதுதானே. ராஜகுமாரியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு டீக்கடைக்கே வந்தாள். சேலையெல்லாம் சிவப்பு. அதில் எது பீட்ரூட், எது ராஜகுமாரியின் ரத்தம் என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் முன்னால் நின்று, சத்தம் போடாமல், “எழும்புங்க. உங்கட பொஞ்சாதிதான் கத்தினது” என்றாள்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, முதுகுக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள். மாப்பிள்ளையும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார், அதை நான் மறைக்கவில்லை. “அத்தை, நெசமாலுமே ஷோ சத்தம்னுதான் நெனச்சனுங்க. எந்திரிச்சிருந்தா அவுட்டுங்க” என்றார். “நானும் கிட்டத்தட்ட அவுட்டுதானுங்க மாப்ள” என்றாள் ராஜகுமாரி. அவர் ஒரு பழத்தை உரித்து அவரே சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

பிறகு நிகழ்ச்சி வந்தது. லைனில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துதான் பார்த்தார்கள், இவளை நடுவில் தலையணை வைத்து உட்கார வைத்து. இவள் கத்தியதற்குக் கீழே ஏதோ பாட்டுச் சத்தம் சேர்த்திருந்தார்கள். உறுமல் ஒன்று தனியாகச் சேர்த்திருந்தார்கள், அசல் கரடி அவ்வளவு சத்தம் போடவில்லையாம், அது வேலையாக இருந்ததாம். நடுவராக உட்கார்ந்திருந்தவர், இப்படி ஒரு அலறலைக் கேட்டும் அசையாத நெஞ்சை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டம் கொடுத்தார்கள், வண்டிச் சாவி கொடுத்தார்கள், தாங்கள் மேடையேறி மகனைக் கட்டிப்பிடித்தீர்கள். அலறியவருக்குப் பெயர் எதுவும் போடவில்லை. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

கடைசியாக அவள் சொன்ன ஒரு வார்த்தையின் மேல் ‘பீப்’ போட்டுவிட்டார்கள். பிரச்சினை எல்லாம் அந்த பீப்பால்தான் என்று மயில்சாமி சொல்கிறார். தங்கள் அண்ணன் ஒரு வார்த்தை என்றும், மச்சினர் அதைவிட மோசமான வார்த்தை என்றும், பேச்சியம்மா அவர்கள் தன் பிறந்த வீட்டையே இழுத்த வார்த்தை என்றும் ஆளுக்கொன்றாகப் போட்டு நிரப்பி, வீடே ரெண்டுபட்டுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். தாங்கள் மன்னிப்பை எழுத்து மூலமாகக் கேட்டிருப்பதால், பீப்புக்குக் கீழே இருந்தது என்ன என்பதையும் எழுத்து மூலமாகவே தெரிவிக்கிறேன். அவள் சொன்னது ‘எருமை’ என்கிற ஒரு வார்த்தை மட்டுமே. டி.வி.காரர்கள் அதற்கு பீப் போட வேண்டிய அவசியமே இல்லை. கரடியைச் சொன்னாயா, மாப்பிள்ளையைச் சொன்னாயா என்று நானே இவளிடம் கேட்டேன். “கரடி என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்றாள். இதற்குமேல் இந்த விஷயத்தில் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மாலதி என்ன சொல்கிறாள் என்று மயில்சாமி கேட்டார். அவள் அந்த நிகழ்ச்சியைப் போனில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அம்மா “மாப்ள” என்று கூப்பிடும்போது மாப்பிள்ளை கதவைத் திரும்பிப் பார்க்கிறார். தாழ்ப்பாளைப் பார்க்கிறார். அப்புறம் கேமராவைப் பார்க்கிறார். அப்புறம் நேராகி உட்கார்ந்துகொள்கிறார். அங்கேதான் நடுவர் கைதட்டுகிறார். “ஏம்ப்பா, எந்தப் பேயாச்சும் ‘மாப்ள’ன்னு கூப்புடுமா?” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். பேய்க்கு உறவுமுறை தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும், டி.வி.காரர்கள் எல்லாவற்றையும் விசாரித்துத்தான் செய்வார்கள் என்று சமாதானம் சொன்னேன். சின்னப் பெண், யோசித்தால் தெளிந்துவிடுவாள்.

ஆகவே சம்பந்தி அவர்களே, கரடி அடித்த நேரத்தில் என் மனைவி ராஜகுமாரி தங்கள் மகனின் கவனம் சிதறும்படி கத்தியதற்கும், கதவைத் தட்டி அவருடைய வெற்றிக்கு இடைஞ்சல் செய்யப் பார்த்ததற்கும், மேற்படி ஒரு வார்த்தைக்கும், குடும்பத் தலைவன் என்கிற முறையில் நான் மனதார மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த ஆபத்து வந்தாலும் மாப்பிள்ளையின் பெயரையோ முறையையோ சொல்லி அவள் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குறித்த தேதியிலேயே தை மாதக் கல்யாணத்தை நடத்தி வைத்து, பெண்ணைப் பெற்றவன் தலை நிமிரும்படி செய்ய வேண்டுகிறேன். தங்கள் அண்ணனுக்கும் மச்சினருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். சம்பந்தியம்மா காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், வண்டியைக் குன்னூர் இறக்கத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லவும். தங்கள் கடையும் குடும்பமும் மேலும் மேலும் தழைக்கட்டும்.

தங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
முத்துராஜ்.

பின்குறிப்பு: இதை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு உறை வாங்க எல்லப்பன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் மாலதி முழுவதையும் வாசித்துவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்கிறாள். நான் எவ்வளவோ சொன்னேன். மாப்பிள்ளை மேல் என்ன தப்பு, நானும்தானே உட்கார்ந்திருந்தேன் என்றேன். “அதத்தான் நீங்களே எழுதியிருக்கீங்களேப்பா. உங்கள என்ன பண்றதுன்னு அம்மா முடிவு பண்ணிக்கட்டும். அவர என்ன பண்றதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்” என்றாள். அப்படியானால் கடிதத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். “எதுக்குப்பா கிழிக்கறீங்க? நாலு பேருக்குக் காட்டறதுக்குத்தான கேட்டாங்க, அப்படியே போகட்டும்” என்று அவளே உறையில் போட்டு ஒட்டப் போகிறாள். நிச்சயத் தட்டையும் பட்டுப்புடவையையும் மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளவும்.

ராஜகுமாரி இன்னும் முடிவு எதுவும் சொல்லவில்லை. தகர டப்பாவைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வேண்டும் என்றாலும் அவள் எதிர் லைன் சின்னம்மையைத்தான் கூப்பிடுகிறாள்.